குடைக்காரனின் முகம்

நம் வகுப்புக் குழுவில் போன கிழமை ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். விடிந்தும் விடியாமலும் பூவும் பொன்மொழியும் அனுப்பி நம் போன்களை நிரப்புகிறவர்கள் நடுவில், அந்தக் காலத்தில் கலஹாவிலிருந்து பஸ்ஸில் வந்து போன நம் தோழிதான் அதை அனுப்பியிருந்தாள். பழுத்துச் சிவந்த ஒரு சித்திரக்கதைப் பத்திரிகைத் தாள். சாய்வாக மழை. ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே நீளமான கோட்டு, அதற்கும் கீழே நனைந்த செருப்பு. இவரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

முழங்கால் வலியையும் சீனி வருத்தத்தையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு நீங்களும் ஆளுக்கொன்று எழுதினீர்கள். குடைக்காரன் என்று ஒருத்தி. அவர் மழையை மடித்து வைப்பாரே என்று இன்னொருத்தி. வியாழக்கிழமையானால் பஸ்ஸில் அடுத்த சீட்டுப் பெடியனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்ததை ஒருத்தி எழுதினாள். அவரைப் படமாகக் கீறியவர் யார் என்று மட்டும் ஒருத்திக்கும் தெரியவில்லை. நான் பதில் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நல்லாக அழுதேன்.

அவரைக் கீறியவர் என்னுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி. இதைப் பள்ளிக்கூடத்தில் நான் உங்களிடம் சொல்லவேயில்லை. வீட்டில் படம் கீறுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது எங்கள் ஊரில் அப்போது வெளியில் சொல்லித் திரிகிற விசயமில்லை என்று உம்மா வாயைக் கட்டி வைத்திருந்தார். இப்போது கட்டுவதற்கு ஆளில்லை. போனில் விரலால் குத்திக் குத்தி எழுத எனக்குப் பொறுமையும் இல்லை. ஆகவே கடதாசியில் எழுதுகிறேன், பேத்தி படம் பிடித்து அனுப்பித் தருவாள்.

அக்குறணையில் எங்கள் வீடு உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். பெருநாளைக்கு வட்டிலப்பம் சாப்பிட வந்திருக்கிறீர்கள். கீழே மாத்தளை வீதியைப் பார்த்தபடி வாப்பாவின் புடவைக் கடை. கடைக்குள்ளேயே ஒரு மரப்படி ஏறும், மேலே வீடு. வீதிப் பக்கம் ஜன்னல் வைத்த சின்ன அறை சாச்சாவுடையது. கீழிருந்து புதுத் துணியின் கஞ்சி மணமும் பூச்சிக் குண்டு மணமும் ஏறி வரும். எதிர் வீட்டு முற்றத்துப் பாயில் காயும் கராம்பின் மணம் ஜன்னலால் வரும். இரண்டுக்கும் நடுவில் சாச்சாவின் கறுப்பு மை. அந்த மைக்கு ஒரு துரு மணம் உண்டு. இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்த தகரத்துக்குப் பக்கத்தில் போனால் எனக்கு அந்த அறைக்குள் நிற்பது போல இருக்கும்.

சாச்சா கட்டுகஸ்தோட்டையில் போர்டு எழுதுகிற ஒருவரிடம் வேலை பழகியவர். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர், கடைக்கு மேலே முதலாளியின் பெயர், எல்லாம் மூன்று பாசையிலும் எழுதுவார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுத்தோடு நிற்கிற கையில்லை அது. எழுத்து காயும் நேரத்துக்குள் போர்டின் பின்பக்கத்தில் ஒரு குதிரையோ கப்பலோ வந்துவிடும்.

எனக்கு விவரம் தெரியாத வயதில் சாச்சாவுக்கும் என் வாப்பாவுக்கும் தகப்பனார் மௌத்தானார். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், சாச்சா அவருடைய முகத்தை நினைவிலிருந்து கரியால் கீறி மேல் மண்டபத்தில் ஒட்டி வைத்தாராம். எங்கள் வீடுகளில் மனிதரின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மணிக்கூடு, ஒரு மக்காப் படம், கடைக்காரர்கள் தருகிற கலண்டர், அவ்வளவுதான். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தவர், அதைப் பார்த்து அப்படியே நின்றாராம். பிறகு அதைக் கழற்றி நாலாக மடித்துக்கொண்டு, இனிமேல் இந்த வீட்டில் யாரும் முகம் கீறப்படாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். இதை எனக்குச் சொன்னது உம்மா.

சாச்சா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தவர், படிக்க வைத்தவர். அன்றிலிருந்து அவர் முகம் கீறவில்லை. வீட்டில் மட்டுமில்லை, எங்கேயும் கீறவில்லை.

ஆனால் அவருடைய ஆசை முழுக்கச் சித்திரக்கதையில் இருந்தது. அந்தக் காலத்தில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் கிழமைக்கு ஒன்று என்று கடைக்குக் கடை கயிற்றில் தொங்கும். கண்டியில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியரை நாங்கள் வீட்டில் பத்திரிகை மாத்தயா என்போம், சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. சாச்சா அவரிடம் கொண்டு போன படங்களில் பாலம் இருந்தது, மலை இருந்தது, புகை விட்டுக்கொண்டு ரயில் இருந்தது. மனிசன் எங்கே என்று மாத்தயா கேட்டாராம். மனிசன் ரயிலுக்குள் இருக்கிறான் என்று சாச்சா சொல்லியிருக்கிறார். மாத்தயா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

குடைக்காரன் பிறந்த பின்னேரம் நான் அந்த அறையில் இருந்தேன். ஐப்பசி மழை. எங்கள் ஊரில் மலை மேலே பெய்தால் போதும், ஆறு வீதிக்கு வந்துவிடும். கீழே கடைக்காரர்கள் துணி மூட்டைகளை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நானும் சாச்சாவும் ஜன்னலில் தாடையை வைத்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து பார்த்தால் ஊரில் ஒரு மனிசனும் இல்லை. குடைகள் மட்டும்தான். கறுப்புக் குடைகள் ஓடின, முட்டிக்கொண்டன, கடைகளுக்குள் நுழைந்து மறைந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு குடை மட்டும் அசையாமல் நின்றது. முழங்கால் அளவு தண்ணீரில் யாரோ ஒருவர், அவசரமே இல்லாமல், மழை தன்பாட்டில் முடியட்டும் என்பது போல நின்றார்.

"மகள், அந்த ஆள்ட முகம் தெரியுதா?" என்று சாச்சா கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"ஆனா ஆள் யாரெண்டு வெளங்குதுதானே," என்றார். உடனே என்னைத் தள்ளிவிட்டுப் பென்சிலைத் தேடினார்.

அப்படி வந்தவர்தான் அவர், இந்தத் தடவை மாத்தயா திருப்பி அனுப்பவில்லை. குண்டு பட்டால் குடையில் வழுக்கிப் போய்விடும். ஹந்தானை மலை உச்சியிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு குதித்தால் மெதுவாக வந்து கண்டிக் குளத்தின் கரையில் இறங்குவார். ஓர் ஊரின் மழை முழுவதையும் குடைக்குள் சேர்த்து மடித்து, கமக்கட்டில் வைத்துக்கொண்டு நடந்து போய், காய்ந்து கிடக்கிற இன்னோர் ஊரில் விரிப்பார். கலஹா வளைவில் சரிந்த பஸ்ஸைக் குடையின் கைபிடியால் கொளுவி இழுத்தாரே, அது ஞாபகமிருக்கிறதா? தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்தில் கூரை ஒழுகிய வீட்டில், காய்ச்சல்காரப் பிள்ளை நனையக் கூடாதென்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தார் ஒரு கிழமைக் கதை முழுக்க. வேறொன்றுமே நடக்காத கதை அது. அதற்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவருக்கு மட்டுமில்லை, அந்தக் கதையில் ஒருவருக்குமே முகம் கிடையாது. நீங்கள் கவனித்தீர்களா? பொலிஸ்காரருக்குத் தொப்பி விளிம்பு. பெண்களுக்குக் கூந்தல். மழையைத் திருடிப் போத்தலில் விற்கிற வில்லனுக்குப் பின்கழுத்து, அதில் கொழுத்த மடிப்புகள். பக்கத்துக் கடை முதலாளி அது தன் கழுத்துத்தான் என்று கொஞ்ச நாள் எங்களோடு பேசாமல் இருந்தார், உண்மையும் அதுதான். பெரஹரா ஊர்வலம் வந்தபோது யானைக்கு வால் மட்டும் கிடைத்தது. நான் யானையைக் காட்டுங்கள் என்று அடம்பிடித்தேன். யானை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறது, நான் என்ன செய்ய என்றார் சாச்சா.

குடை பிடித்த கை என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வெள்ளைச் சட்டையோடு ஜன்னல் பக்கம் நிற்பேன். வாப்பாவின் பழைய குடையைத் தருவார். கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்வார், இன்னும் கொஞ்சம், இப்போது அசையாமல் என்பார். கை கடுக்கும். குடைக்குள்ளே ஓர் இருட்டு இருக்கும், சீலையின் ஓட்டைகளால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். கீழே பஸ் ஹோர்ன், பாங்கு, எதிர் வீட்டில் கராம்பைக் கூட்டி அள்ளும் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும். நான் நின்றபடியே பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவேன். என் கையைப் பெரிதாக்கி, நரம்பு போட்டு, ஆண்பிள்ளைக் கையாக்கிக் கீறுவார். ஊரைக் காப்பாற்றுகிற கை உண்மையில் கணக்கில் பிழை விடுகிற கை என்பது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும்.

பத்திரிகை வியாழக்கிழமை வரும். சிங்கள எழுத்து எனக்கு அப்போது தடுமாற்றம், சாச்சாதான் படித்துத் தமிழில் சொல்லுவார். படித்து முடித்ததும் அதை ஒளித்து வைப்போம். வாப்பா கண்டால் கிழித்துப் போடுவார் என்று உம்மாவுக்குப் பயம். மெத்தைக்குக் கீழே வைப்போம், அரிசிப் பெட்டிக்குள் வைப்போம். எங்கே வைத்தாலும் மறுநாள் அது காணாமல் போகும். வாப்பாதான் கண்டெடுத்துக் கடையில் துணி சுற்றக் கொடுத்துவிட்டார் என்று நாங்கள் முடிவு செய்தோம். எந்த வாடிக்கைக்காரர் உடுக்கிற சாரத்தைச் சுற்றிக்கொண்டு நம் குடைக்காரன் போகிறாரோ என்று சாச்சா வேதனையோடு சிரிப்பார். அந்தப் பத்திரிகைகளில் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. பிறகு கடைக்குள் கட்டி வைத்த மூலப் படங்களை ஒரு வெள்ளம் கொண்டு போனது.

வாப்பாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. படியேறி வரும்போது பாதியில் நின்று உரக்கச் செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டதும் மை, பேனை, கடதாசி எல்லாம் கட்டிலுக்குக் கீழே போகும். அவர் வந்து சாச்சாவின் அறை வாசலைக் கடக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கோபக்காரரின் செருமல் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கும் பேரப்பிள்ளைகள் வந்த பிறகுதான் விளங்குகிறது, பிடிக்க வருகிறவன் செருமிக்கொண்டு வருவானா?

பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பற்றிச் சண்டை பிடித்தது நினைவிருக்கும். அவர் என்னுடைய அப்பாவைப் போலத்தான் இருப்பார், ஓம், மூக்குக் கண்ணாடி கூட இருக்கும் என்று நம் யாழ்ப்பாணத்து எஞ்சினியரின் மகள் சொல்லுவாள். கலஹாத் தோழிக்கு அது தோட்டத்தை விட்டுப் போய்த் திரும்பி வராத அவளுடைய மாமா. நான் ஒன்றும் தெரியாதவளைப் போல இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு முகம் இருந்தது. குடைக்குக் கீழே இருப்பது சாச்சாதான் என்று நான் நம்பினேன்.

பத்திரிகை மாத்தயாவுக்கு இந்தச் சண்டை எல்லாம் தேனாக இனித்தது. முகத்தைக் காட்டாமல் ஊரை ஏங்க வைக்கிற கெட்டிக்காரன் என்று சாச்சாவின் முதுகில் தட்டுவாராம். வாசகர்கள் தங்கள் கையால் முகம் கீறிக் கடிதத்தோடு அனுப்பினார்கள். அப்படியே சித்திரைப் புத்தாண்டு நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை, பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. புத்தாண்டு விசேட இதழில் குடைக்காரன் குடையை விலக்குகிறார் என்று. சாச்சாவுக்கே அது அப்போதுதான் தெரியும். அவர் அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

விடுமுறையாக இருந்ததால் கண்டிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். அச்சகத்துக்குக் கீழே இருந்த ஹோட்டலில் மாத்தயா எனக்கு பலூடா வாங்கித் தந்தார். கெட்ட மனிசன் இல்லை அவர். சிங்களத்தில் நிதானமாகத்தான் பேசினார். அறிவித்தாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது, ஏஜன்டுகள் எல்லாம் இரண்டு மடங்கு இதழ் கேட்கிறார்கள் என்றார். நீ கீறாவிட்டால் அச்சகத்தில் ஒரு பையன் இருக்கிறான், அவன் கீறுவான், குடைக்காரன் பத்திரிகையின் ஆள், உன் வீட்டு ஆளில்லை என்றும் சொன்னார். சாச்சா ஒரு கிழமை தவணை கேட்டார். நான் பலூடாவின் அடியில் கிடந்த கசகசாவைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் படச் சுருளை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்து, குடைக்காரனின் முகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். உங்களைப் போல என்றேன். தன் முகத்துக்கு யார் பத்திரிகை வாங்குவார்கள் என்று சிரித்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் ஆற்றைப் பார்த்தேன்.

நானாவிடம், கூடப் பிறந்த அண்ணனிடம், ஒருதரம் கேட்டுப் பாருங்கள் என்று உம்மா கெஞ்சினார். கேட்டால் விடுவார் என்றார். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. மூத்தவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அதைத் திரும்ப எடுத்துக் கேட்பது அவருடைய வார்த்தையைச் சந்தையில் விலை பேசுவது மாதிரி. சொன்ன வார்த்தையை அவரே விழுங்கும்படி வைக்கத் தன்னால் ஏலாது என்று சாச்சா சொல்லிவிட்டார்.

என்றாலும் அந்தக் கிழமை முடிகிற அன்று அவர் கடைக்குள் இறங்கிப் போனார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா அளவுக் கோலோடு நின்றார். சாச்சா மேசைக்கு இந்தப் பக்கம் வாடிக்கைக்காரரைப் போல நின்று, துணியைத் தடவினார், விட்டார், மறுபடி தடவினார். வாய் திறந்து திறந்து மூடியது. வாப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு நல்ல சாரத்தை எடுத்து, கடதாசியில் சுற்றி, அவர் கையில் வைத்தார். சாச்சா அதை வாங்கிக்கொண்டு மேலே வந்தார். அந்தப் பொதியை அவர் வெகுநாள் பிரிக்கவேயில்லை.

குடைக்காரனை அவர் விட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் பஸ் ஏறிப் போய், அச்சகத்துப் பையனே கீறட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். வீட்டில் இன்னும் அடக்காத ஒரு மையித்து இருப்பது மாதிரி நாங்கள் மெதுவாக நடந்தோம்.

சாச்சாவின் பிந்திய காலத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல மனம் வராது. அவர் வேறு பத்திரிகைகளுக்குக் கீறினார். மகாவலியின் அடியில் நடக்கிற ஓர் ஆள், மின்னலோடு பேசுகிற ஒரு பெண் என்று நிறையப் பேரைப் பிறப்பித்தார். அவர்களுக்கெல்லாம் அழகான மூக்கும் முழியும் இருந்தது, அது எப்படி வந்தது என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் அவர்களை ஒருவருக்கும் ஞாபகமில்லை. சித்திரக்கதைப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றதும் சவூதிக்குப் போய்க் கடைகளுக்குப் போர்டு எழுதினார். முடி நரைத்துத் திரும்பி வந்தார். போன நோன்புக்கு முந்திய மாதம் மௌத்தானார்.

புத்தாண்டு விசேட இதழ் வந்த வியாழக்கிழமை, வழக்கமாக வருகிற சாச்சாவின் பிரதி வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காகக் கடை பூட்டியிருந்தது. பள்ளிவாசலால் வந்து, வழமை போல வாப்பாவும் சாச்சாவும் ஒரே சவனில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சவன் என்றால் பெரிய தட்டு, அதைச் சுற்றி இருந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சாச்சா தன் பக்கத்துச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். வாப்பா இறைச்சித் துண்டுகளை விரலால் அவர் பக்கம் தள்ளித் தள்ளி விட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் வாப்பா எழும்பிப் போய், தொப்பிக்குக் கீழே வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து மேசையில் விரித்தார். விசேட இதழ். அவரே காசு கொடுத்து வாங்கியிருந்தார்.

நாங்கள் குனிந்து பார்த்தோம். பக்கம் முழுக்க ஒரு முகம். சுருட்டை முடி, கத்தரித்த மீசை, பல் தெரியச் சிரிப்பு. குடை ஒரு மூலையில் மடங்கிக் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபத்தில் காது சுட்டது. யாரோ அந்நியர் ஒருவர் நம் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்த கோபம்.

"இது அவன் இல்ல," என்றார் வாப்பா.

உம்மாவின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. வாப்பா தன்பாட்டில் பேசிக்கொண்டு போனார். குடைக்காரன் சிரித்துக் காட்டுகிற ஆளில்லை என்றார். அந்தப் பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவனுக்கா இப்படி ஒரு சினிமாச் சிரிப்பு என்றார். மழையைப் போத்தலில் விற்றவனை அவன் கடைசியில் மன்னித்தது, ஹந்தானையிலிருந்து இறங்கும்போது செருப்பில் ஒன்று கழன்று விழுந்தது, எல்லாம் சொன்னார். காணாமல் போன பத்திரிகைகள் எங்கே போயின என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"நீ ஏன்டா இத மத்தவன்ட கையில குடுத்த?" என்று கேட்டார்.

"முகம் கேட்டாங்க நானா."

"கேட்டா கீறிக் குடுக்கிறதுதானே?"

சாச்சா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "நீங்கதானே முகம் கீறப்படாதெண்டு சொன்ன."

"நான் எப்படா அப்பிடிச் சொன்ன?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகமில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் சாச்சா தன் உலகத்தையே கட்டியிருந்தார். தொப்பி விளிம்பும் கூந்தலும் யானை வாலும் எல்லாம் அந்த வார்த்தையிலிருந்து வந்தவை. சொன்னவர் அதை என்றைக்கோ மறந்துவிட்டார். சாச்சா மெதுவாக ஞாபகப்படுத்தினார். தங்கள் வாப்பா மௌத்தான நேரம், மண்டபத்தில் ஒட்டிய படம், கழற்றி மடித்தது.

வாப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் படத்தப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சிடா," என்றார். "அவர் உசிரோட வந்து நிக்கிற மாதிரி ஈந்திச்சி. அந்த நேரம் வாயில என்ன வந்திச்சோ எனக்குத் தெரியா." இதழை மூடி வைத்துவிட்டு, "குடையால மறைச்சது ஒன்ட கெட்டித்தனம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நெனச்சிட்டு ஈந்த," என்றார்.

வெளியில் கராம்பு காய்ந்தது. எனக்கு இரண்டு பேர் மீதும் சொல்ல முடியாத பரிதாபம் வந்தது, இன்றைக்கும் அது போகவில்லை. பிறகு வாப்பா என்னைப் பார்த்து, சாச்சாவின் சாமான்களைக் கொண்டு வரச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே இருக்கும் என்றார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் கொண்டு வந்து வைத்தேன். இப்போது கீறு, நான் பார்க்கிறேன் என்றார் வாப்பா. அவர் தம்பி கீறுவதை அவர் நேரே இருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாச்சா கடதாசியை நேராக்கினார். குடை வந்தது. குடையைப் பிடித்த கை வந்தது, நான் நிற்காமலே வந்தது. தோள் வந்தது, கோட்டின் கொலர் வந்தது. கழுத்து வரைக்கும் பென்சில் ஓடி வந்து நின்றது. குடையை இந்தத் தடவை உயர்த்தித்தான் பிடித்திருந்தார், கீழே வெள்ளையாக இடம் இருந்தது. பென்சில் அந்த இடத்துக்கு மேலே அப்படியும் இப்படியும் அலைந்தது, தாளைத் தொடவில்லை.

"முகம் ஈக்கல்ல நானா," என்றார் கடைசியில். "நானும் தேடித்தான் பாக்கிற. அவருக்கு முகம் ஈக்கல்ல."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். வாப்பா அவர் கையிலிருந்து பென்சிலை மெதுவாக வாங்கினார். துணியில் அளவுக் குறி போடும் சோக்கைப் பிடிப்பது போல அதைப் பிடித்தார். குடையின் விளிம்பிலிருந்து தொடங்கி, நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, கீழ் நோக்கி ஒரு கோடு இழுத்தார். பிறகு இன்னொன்று. கோட்டுக்குக் கோடு குடை இறங்கி வந்து, அந்த வெள்ளை இடம் மூடியது.

சாச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கோணலாப் போச்சி நானா."

"கோணலா ஈந்தாலும் நனையாதுதானே," என்றார் வாப்பா.